பயணத் தலை

தன்னாமுனைக்கு வந்து, என் வீட்டுக்காரர் பற்றிக்கின் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் உடனே காட்டமாட்டார்கள். எங்கள் ஊரில் பற்றிக்குகள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். "செத்த ஆண்டவர் வீடு" என்று கேளுங்கள், வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். கலியாணம் முடித்த புதிதில் இந்தப் பெயரைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. இப்போது போனில் ஆட்களுக்கு நானே அப்படித்தான் அடையாளம் சொல்கிறேன்.

காரணம் இதுதான். பெரிய வெள்ளிக்கிழமையில் எங்கள் கோயில் வளவில் பாஸ்கு போடுவோம், ஆண்டவரின் பாடுகளை நாடகமாக. வாலிபத்தில் என் வீட்டுக்காரர்தான் ஆண்டவர். சிலுவை சுமந்தார், விழுந்தார், அடி வாங்கினார், எல்லாம் சரி. வசனம் பேசும்போதுதான் கரைச்சல். இவர் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஆனால் சிலுவையிலிருந்து இறக்கி மாதாவின் மடியில் கிடத்தினால், மனுசன் உண்மையிலேயே போய்விட்டார் என்று பெண்கள் விம்மி அழுவார்கள். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியாது. நுளம்பு வந்து கண்ணில் குந்தினாலும் இமை ஆடாது. ஒப்பாரிப் பாட்டு முடியுமட்டும் அப்படியே கிடப்பார்.

இப்போது இவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முன்மண்டை வழுக்கையாக வெளித்துவிட்டது. ஆண்டவராக ஜசிந்தன் என்ற வாலிபன் நடிக்கிறான். சிலுவையில் உயிர் போனதும் திரையைப் போடுவார்கள். ஜசிந்தன் இறங்குவான், இவர் டோப்பாவை மாட்டிக்கொண்டு ஏறுவார். திரை திறக்கும்போது செத்துக் கிடப்பவர் இவர். முப்பத்துமூன்று வயது ஆண்டவர் செத்தவுடன் தொப்பை வைத்துவிட்டார் என்று எங்கள் ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை. சாவதற்கென்று தனியாக ஆள் வைத்திருக்கிற ஊர் வேறெங்கும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

மற்றப்படி இவர் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர். காலையில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார், பள்ளிக்கூடம் விட்டதும் கொண்டுவந்து சேர்ப்பார். இடையில் வாடகை ஓட்டம். கட்டாரில் கம்பனி பஸ் ஓட்டி உழைத்து வாங்கிய வான் அது. கூட்டத்தில் வாய் திறந்து பேசாத மனுசன். வீட்டுக்குத் தேவையான பேச்சை நான்தான் பேசுகிறேன். கோயில் மணி பழுதானால் இந்த மக்டலினைப் படியில் நிறுத்தினால் போதும் என்று ஒருமுறை என்னைக் காட்டிப் பங்குச் சுவாமியிடம் சொல்லியிருக்கிறார். பேசமாட்டார், பேசினால் இப்படித்தான் பேசுவார்.

இவருக்கு ஒரு பயம் இருந்தது. ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் மாமனார் அருமைநாயகம் வாவியில் வலை வீசியவர். அறுபது வயது ஆகுமுன்னமே அவருக்கு ஞாபகம் போகத் தொடங்கியது. முதலில் வலை வைத்த இடம் மறந்தது, பிறகு தோணி கட்டிய இடம், பிறகு பெற்ற பிள்ளைகள். மாமியின் முகத்தையும் மறந்துவிட்டார். ஆனால் மாமி ஏசினால் மட்டும் தெரியும். "எங்க போறீங்க? சோறு ஆறுது, வந்து தின்னுங்க" என்று மாமி முற்றத்தில் நின்று கத்துவா. எங்கே நின்றாலும் "வாறன் வாறன்" என்று திரும்பி வருவார். மாமி கண்மூடியபிறகு அவரைக் கூப்பிடுவதற்கு அந்தக் குரல் இல்லாமல் போய்விட்டது. ஒருநாள் தன்னாமுனைச் சந்தியில் நின்றுகொண்டு, வானில் வந்த இவரையே கைகாட்டி மறித்து, "தம்பி, தன்னாமுனைக்கு எப்படிப் போற?" என்று கேட்டிருக்கிறார். இவர் வானை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாராம். எனக்கு அதைச் சொன்னவர் சந்திக் கடைக்காரர். இவர் இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிலிருந்து வான் திறப்பைத் தேட நேர்ந்தாலே இவர் முகம் மாறிவிடும். யார்தான் சாவி, திறப்பு என்று தேடவில்லை? நான் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறவள். இவருக்கு அது அப்படியில்லை. முதுகுக்குப் பின்னால் ஊரின் பிள்ளைகள் உட்கார்ந்து வருகிறார்கள். அதனால் வாசலில் ஓர் ஆணி அடித்து, திறப்பை அதில்தான் மாட்டுவேன் என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்.

போன மார்கழியில் விதுர்ஷா என்று ஒரு பிள்ளை வானை வாடகைக்குப் பிடித்தாள். வந்தாறுமூலையில் அறை எடுத்துத் தங்கி, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். ஞாபகம் போகிற நோய்தான் ஆராய்ச்சி. மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, அதன் அளவைக் கணினியால் கணித்து, வருடத்துக்கு வருடம் எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கிறார்கள். நோயாளிகள் மூன்று ஊர்களில் இருந்தார்கள். மெஷினும் மூன்று: ஒன்று டவுனில், ஒன்று கண்டியில், ஒன்று கொழும்பில்.

அதில்தான் சிக்கல். வானில் போகும்போது இவருக்கு அதை விளக்கியிருக்கிறாள்.

"அங்கிள், ஒரே ஆளை மூண்டு மெஷினிலயும் படுக்கவெச்சா மூண்டு அளவு வரும். ஒரு மெஷின் கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஒண்டு குறைச்சுக் காட்டும். அப்ப ஒரு நோயாளி போன வருசம் டவுன்ல எடுத்து, இந்த வருசம் கண்டியில எடுத்தா, குறைஞ்சது அவர்ர மூளையா, இல்லாட்டி மெஷின் மாறினதா எண்டு என்னெண்டு சொல்ற?"

அதற்காக, சுகமாக இருக்கிற சிலரை மூன்று மெஷினிலும் படுக்கவைத்து, மெஷினுக்கும் மெஷினுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் பிடிக்கவேண்டும். தலையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற இந்த ஆட்களுக்குப் 'பயணத் தலை' என்று பெயர் வைத்திருந்தாள். இவருடைய வேலை அந்தத் தலைகளை வானில் ஏற்றி இறக்குவதுதான்.

முதல் நாளே ஒரு தலை கழன்றுகொண்டது. அந்த ஆள் மெஷினின் குழாய்க்குள் போனதும் அது போடுகிற சத்தத்தில் பயந்து, கையைக் காலை உதறி, படமெல்லாம் கலங்கிவிட்டதாம். விதுர்ஷா தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்க, இவர் வானைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். "அங்கிள், ஒரு அரை மணித்தியாலம் ஆடாமக் கிடப்பீங்களா?" என்று சும்மா கேட்டிருக்கிறாள். பாவம், ஆரிடம் கேட்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

டவுன் மெஷினில் ஸ்கேன் எடுப்பவர் காத்தான்குடிப் பஹ்மி. படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்னம் எல்லாருக்கும் ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்துக் குடிக்கவைப்பார். எல்லாத் தலையும் ஒரே நிலையில் வரவேண்டுமாம். இவரும் குடித்துவிட்டுப் போய்க் கிடந்தார். கொஞ்ச நேரத்தில் பஹ்மிக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆள் இம்மியும் அசையவில்லை. மைக்கில் "அண்ணன்? அண்ணன், இரிக்கீங்களா?" என்று கேட்டாராம். இவர் பதில் சொல்லவில்லை. ஆடக்கூடாது என்றவர்கள் பேசலாம் என்று சொல்லவில்லையாம். பஹ்மி ஓடிப்போய் வெளியே இழுத்துப் பார்த்தால், இவர் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். படம் அவ்வளவு துப்புரவாக வந்ததை அவர்கள் கண்டதில்லையாம். அன்றே இவரைப் பயணத் தலையாக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு பெருமை. "சாகத் தெரிஞ்ச ஆளுக்கு எங்க போனாலும் வேலை இரிக்கு" என்றேன். சிரித்தார்.

தைமாதம் கண்டிக்குப் போனார்கள். பிறகு கொழும்புக்கும் போய் வந்தார்கள். கண்டி அளவு வந்த அன்று இவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். என்ன என்று நாலுதரம் கேட்டபிறகு, "என்ட மூளை டவுன்ல இருந்த அளவு கண்டியில இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, இவருக்கு வரவில்லை. நல்லகாலத்துக்கு விதுர்ஷாவே போன் எடுத்தாள். கண்டி மெஷினில் எல்லாத் தலையும் அதே பங்கு குறைந்துதான் வந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத்தானே இந்த அலைச்சல் எல்லாம் என்றாள். "ஒருதருக்கும் ஒண்டும் சுருங்கயில்ல அங்கிள். மெஷின் அப்படி." அதற்குப் பிறகுதான் இவருக்குச் சோறு இறங்கியது. அடுத்த நாள் சந்தியில், "கண்டிக்குப் போனா எல்லாருக்கும் மூளை குறையுமாம்" என்று இவரே பகிடி விட்டதாகக் கேள்வி.

கடைசியாக ஒரு ஸ்கேன் பாக்கி இருந்தது. இடையில் டவுன் மெஷின் மாறவில்லையே என்று பார்ப்பதற்கு, அதே மெஷினில் அதே தலையைத் திரும்ப வைக்கவேண்டும். முதலில் இவருடைய முறை வந்தது. அதற்குள் தவக்காலம் தொடங்கிவிட்டது. இந்த வருடம் எங்கள் தவக்காலமும் முஸ்லிம் ஆட்களின் நோன்பும் ஒன்றாகவே வந்தன. நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி இருப்போம். ஒருநேரச் சாப்பாடு, மற்ற நேரம் பட்டினி, தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். இவர் மட்டும் இந்த வருடம் வெள்ளிக்கிழமைகளில் விடிந்ததிலிருந்து பொழுது படுமட்டும் பச்சைத் தண்ணீரும் தொடவில்லை. பங்குனி வெயிலில் வான் ஓட்டுகிற மனுசன். "ஆண்டவர் சாகிறதுக்கு இன்னும் நாள் இரிக்கு, நீங்க ஏன் இப்பவே ஒத்திகை பாக்கிறீங்க?" என்று ஏசிப் பார்த்தேன். கேட்கவில்லை. அந்த ஸ்கேன் விழுந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில்தான்.

அதற்குப் பிந்திய கிழமையில் ஒருநாள், விதுர்ஷாவை டவுனிலிருந்து வந்தாறுமூலைக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவள் பின் சீட்டில் இருந்து தன்னுடைய பேராசிரியரோடு போனில் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள். வான்காரருக்குக் காது இருக்கிறது என்பதை ஏறுகிற ஆட்கள் மறந்துவிடுவார்கள். "ஓம் சேர், அதே மெஷின்தான். அதே தலைதான். ஆனாக் குறைஞ்சிரிக்கு. மெஷின்ட சாதாரண ஆட்டத்தைவிடக் கூடக் குறைஞ்சிரிக்கு." யாருடைய தலை என்று அவள் பெயர் சொல்லவில்லை. டவுன் மெஷினில் திரும்பப் படுத்த தலை அதுவரைக்கும் இவருடையது ஒன்றுதான்.

இவர் வீட்டுக்கு வந்து திறப்பை ஆணியில் மாட்டினார். "நாளையிலிருந்து பிள்ளைகளை வேற வான்ல ஏத்தச் சொல்லிட்டன்" என்றார். நான் கறிச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்ன கதை கதைக்கிறீங்க? வான் பழுதா?"

"வான் நல்லாத்தான் இரிக்கு."

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு நாள் வாயைக் கிண்டி, ஏசி, கெஞ்சி, கடைசியில் அழுதபிறகு சொன்னார். கண்டி அளவு குறைந்ததற்கு மெஷினைச் சொல்லலாம். இது அதே மெஷின். இதற்கு மெஷினைச் சொல்ல வழியில்லை. "அப்பாக்குத் தொடங்கினதும் இந்த வயசுலதான், மக்டலின்" என்றார். குரல் வழக்கம்போல மெதுவாகத்தான் இருந்தது. நான் பயந்துவிட்டேன், அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். தும்புத்தடியை எடுத்துக்கொண்டு போய் வானைக் கூட்டத் தொடங்கினேன். எதையாவது அடிக்கவேண்டும்போல இருந்தது.

ஓட்டுனர் சீட்டுக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் போத்தல் உருண்டு வந்தது. மூடி உடைக்கவில்லை. நீலப் பேனையால் இவர் பெயர் எழுதியிருந்தது. ஸ்கேன் எடுக்கிற இடத்துப் போத்தல். அவர்களுடைய பொருளை அவர்களிடமே கொடுத்துவிட்டு, நாலு கேள்வியும் கேட்டு வருவோம் என்று அதைப் பையில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விதுர்ஷா கணினிக்கு முன்னால் இருந்தாள். பஹ்மி நோன்பு திறப்பதற்காகப் பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ட மனுசனுக்கு என்ன செஞ்சு வெச்சிரிக்கிறீங்க மிஸ்?" என்று வாசலிலேயே தொடங்கினேன். "வான் திறப்பை ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குள்ள இரிக்கிறார்."

அவள் எழும்பி நின்றாள். "அன்ரி, இருங்க. அங்கிளுக்கு ஆர் சொன்ன?"

"நீங்கதான் சொன்ன. அவர்ர வானுக்குள்ள இருந்து, போன்ல."

அந்தப் பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. ஏசிக்கொண்டே போன எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தாலும் ஏசி முடித்துத்தான் நிறுத்தினேன்.

"எனக்கும் அந்த அளவு விளங்கயில்ல அன்ரி" என்றாள். "மெஷினைச் சோதிச்சுப் பாத்தம், அதில பிழையில்ல. படமும் நல்ல படம். குறைஞ்சது கொஞ்சம்தான். ஆனா ஏன் குறைஞ்சதெண்டு தெரியாம நான் அங்கிள்ட வந்து என்னத்தைச் சொல்ற எண்டுதான் பேசாம இருந்தன்."

போத்தல் நினைவு வந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். "இந்தாங்க தம்பி, உங்கட போத்தல். வானுக்குள்ள கிடந்த."

பஹ்மி அதைக் கையில் எடுத்துப் பெயரைப் பார்த்தார். மூடியைத் திருகாமல் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது அண்டைக்கு ஸ்கேனுக்கு முன்னுக்கு அண்ணனுக்கு நான் குடுத்த போத்தல். இதை அவர் குடிக்கயில்லையா?"

"அண்டைக்கு வெள்ளிக்கிழமைதானே. அவர் ஒருசந்தி."

"உங்கட நோன்பில தண்ணி குடிப்பீங்கதானே?"

"குடிப்பம். அவர் இந்த வருசம் குடிக்கயில்ல. விடிஞ்சா பொழுது படுமட்டும் சொட்டுத் தண்ணி இல்ல."

பஹ்மி போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். "பிழை என்ட பக்கம் மிஸ்" என்றார். "அண்ணன் போத்தலைக் கையில வெச்சிட்டு என்னைப் பாத்துக்கிட்டு நின்டாரு. நான் நோன்போட நிக்கிறன், எனக்கு முன்னால குடிக்கக் கூச்சப்படுறாரு எண்டு நினைச்சிட்டன். வானுக்குள்ள இரிந்து குடிச்சிட்டு வாங்க எண்டு நான்தான் அனுப்பின. வெறுங்கையோட திரும்பி வந்தாரு. குடிச்சிட்டீங்களா எண்டு கேக்கவும் இல்ல."

இவரை எனக்குத் தெரியும். ஒருசந்தி இருப்பதை வெளியில் காட்டக்கூடாது என்று சின்ன வயதில் கோயிலில் படித்ததை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிற மனுசன். கொடுத்த போத்தலை வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்லவேண்டி வரும். வானுக்குப் போகச் சொன்னதும் தப்பினேன் பிழைத்தேன் என்று போயிருப்பார். நோன்பிருக்கிற இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று, ஒருவருக்கொருவர் மரியாதை பண்ணி, ஒரு பிள்ளையின் ஆராய்ச்சியைக் கவிழ்த்துவிட்டார்கள்.

விதுர்ஷா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அன்ரி, மூளையில முக்காப் பங்கு தண்ணி. வெயிலுக்குள்ள ஒருநாள் முழுக்கக் குடிக்காட்டி அளவு கொஞ்சம் இறங்கலாம். குடிச்சாத் திரும்ப ஏறும். அதுக்குத்தான் இந்தப் போத்தல்."

"அப்ப அவருக்கு ஒண்டுமில்லையா?"

"அப்படி இப்ப சொல்லமாட்டன். குடிக்கவெச்சுத் திரும்ப எடுத்துப் பாத்துத்தான் சொல்லுவன்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொல்லாமல் விட்டாளே என்று அவள்மேல் ஒரு நம்பிக்கை வந்தது. அப்போது பாங்கு கேட்டது. பஹ்மி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் வைத்து, "இதைக் குடிக்கட்டா அக்கா?" என்று கேட்டு, அந்தப் போத்தலின் மூடியை உடைத்தே நோன்பு திறந்தார். எனக்கும் ஒரு கோப்பை கஞ்சி ஊற்றித் தந்தார். நான் அதைக் குடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். இவர் சந்தோசப்படுவார் என்று பார்த்தால், கட்டிலில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு இந்தப் பேய்வேலை பாத்தீங்க? ஊரில எல்லாரும் தண்ணி குடிச்சித்தானே ஒருசந்தி இரிக்கிறாங்க?"

"நேத்தி வெச்சன்" என்றார்.

"என்ன நேத்தி?"

"அப்பாட வருத்தம் எனக்கு வரக்கூடாதெண்டு. கண்டி அளவு வந்த அண்டைக்கு மனசு கலங்கிற்று. மிஸ் மறுகா விளக்கம் சொன்னதுதான், ஆனா மனசு கேக்கயில்ல. இந்தத் தவசுகாலத்து வெள்ளிக்கிழமைகள்ல தண்ணியும் இல்லாம இரிக்கிறன், என்ட தலையை மட்டும் விட்டுவையும் ஆண்டவரே எண்டு கேட்டன்."

தலை சுருங்கக்கூடாது என்று வைத்த நேர்த்திதான் தலையைச் சுருக்கிக் காட்டியிருக்கிறது. கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் வெடித்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து இவருடைய மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்தேன். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஏசுவாய் என்றார். உண்மைதான், ஏசியிருப்பேன்.

வைத்த நேர்த்தியை இடையில் உடைக்கமாட்டேன், அது முடியுமுன்னம் மெஷினில் படுப்பது ஆண்டவரைச் சோதிக்கிறதுபோல என்றும், அளவு சரி என்று தெரியுமட்டும் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் வான் முற்றத்தில் நின்றது. காலையில் பிள்ளைகள் வேறு வானில் போகும்போது இவரைப் பார்த்துக் கைகாட்டுவார்கள். இவர் கைகாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

பெரிய வெள்ளிக்கிழமையும் வந்தது. திரை போட்டு, ஜசிந்தன் இறங்கி, இவர் ஏறி, இறக்கி மாதாவின் மடியில் கிடத்தினார்கள். ஒப்பாரி தொடங்கியது. இவர் அப்படியே கிடந்தார், உதடு காய்ந்து வெடித்திருந்தது. எத்தனையோ வருடம் முன்வரிசையில் இருந்து பகிடி பண்ணியபடி பார்த்த நான், அன்று பார்க்க ஏலாமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். இந்த மனுசன் ஒருநாள் கண்ணைத் திறந்து என்னையே ஆரென்று கேட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஆண்டவருக்காக அழுதார்கள். நான் இவருக்காக அழுதேன்.

உயிர்ப்புத் திருநாள் கழிந்து நாங்கள் இருவரும் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். பஹ்மி போத்தலைக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இவருக்கு முன்னாலேயே நின்றார். "கடைசிச் சொட்டும் போகணும் அண்ணன். நான் பாத்துக்கிட்டுத்தான் நிப்பன்." குடித்து, இருந்து, படுத்து, எழும்பி வந்தார். கணித்துப் பார்க்க நேரம் வேண்டும் என்று விதுர்ஷா அடுத்த நாள் வரச் சொன்னாள்.

அடுத்த நாள் அவள் எங்களை இருக்கச் சொல்லுமுன்னமே சொல்லிவிட்டாள். "திரும்பி வந்திற்று அங்கிள். முதல்முதல் எடுத்த அளவோட ஒத்து நிக்குது."

இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்ப அப்பாட வருத்தம் எனக்கு வராதா மிஸ்?" என்று கேட்டார்.

விதுர்ஷா கதிரையை இழுத்து இவருக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அதை இந்த அளவால சொல்ல ஏலா அங்கிள். வரும் எண்டும் சொல்ல ஏலா, வராதெண்டும் சொல்ல ஏலா. இவ்வளவு நாளில உங்கட மூளை சுருங்கயில்ல. அதை மட்டும் சொல்லுவன்."

"பிள்ளைகளை ஏத்தலாமா?"

"அதுக்கு ஞாபகம் பாக்கிற டொக்டர் ஒருத்தரைக் காட்டுவம். நான் கேட்டு வெச்சிரிக்கிறன், பக்கத்துக் கட்டடம்தான்."

அந்த டொக்டர் இவரிடம் சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டார், கடதாசியில் மணிக்கூடு கீறச் சொன்னார், கணக்குக் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இவரைவிட எனக்குத்தான் கூடப் பிழை. வான் ஓட்டுங்கள், ஒரு பயமும் வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வர, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிவிட்டது. இவர் ஆணியில் கிடந்த திறப்பில் கையை வைத்தார். எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மக்டலின், ஒரு விசயம்."

"என்ன?"

"அப்பாக்கு வந்தது எனக்கு வந்தா, எனக்கு அது தெரியாமப் போயிரும். உனக்குத் தெரியும். அண்டைக்கு நீ இந்தத் திறப்பை எடுத்து ஒளிச்சு வெச்சிரு. மெஷின் சொல்லுமட்டும் பாத்திட்டு இரிக்காத."

வாயில் வந்ததைச் சொல்லி ஏசத்தான் வாயைத் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது. "சரி" என்றேன். "ஒளிச்சு வெப்பன். ஏசமாட்டன், மெதுவாச் சொல்லித்தான் எடுப்பன்."

இவர் தலையை ஆட்டினார்.

"இல்ல புள்ள. ஏசு. ஏசினாத்தான் நீ எண்டு எனக்குத் தெரியும்."

திறப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வெயில் முற்றத்தில் கொளுத்தியது. வான் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"தண்ணி குடிக்காம எங்க போறீங்க? வந்து குடிச்சிட்டுப் போங்க" என்று கத்தினேன்.

"வாறன் வாறன்" என்று திரும்பி வந்தார்.